இல்லாத நெஞ்சுவலியோடு ஒரு கப்பல் பயணம்

அன்புள்ள கார்த்தி,

இந்தக் கடிதத்தை உன் மனைவி மீனாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. செம்பூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை நீ, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். கூட்டியே வாசி. போனில் ஏதோ வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறதாமே, அதையும் தொடாதே. சொல்வதற்கு நான் இருபது வருஷம் எடுத்துக்கொண்ட விஷயம் இது. வாசிக்க உனக்கு ஒரு வாரம் ஆனால் ஒன்றும் குறைந்துவிடாது.

அலாஸ்காவில், அந்தப் பனியாற்றுக்கு எதிரே, ஆடுகிற படகில் நின்றுகொண்டு நீ என்னிடம் "ஏம்மா?" என்று கேட்டாய். அவ்வளவுதான் கேட்டாய். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லாத ஒருத்தி, பெற்ற மகனிடமே இருபது வருஷம் இதய நோயாளியாக நடித்தது ஏன் என்று கேட்டாய். "ஊருக்குப் போய் எழுதுதேன்யா" என்றேன். நீ தலையை மட்டும் ஆட்டினாய். ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பயணத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் கூட்டிப்போனதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று தோன்றும். நீங்கள் இருக்கிற கனடாவில், வான்கூவரில் கப்பல் ஏறும்போதே என்னுடைய குட்டி ரைஸ் குக்கரைப் பிடித்து வைத்துக்கொண்டார்களே, அப்போது உன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. "அம்மா, க்ரூஸ்ல யாராவது குக்கர் எடுத்துட்டு வருவாங்களா? க்யா யார்" என்று இந்தியில் அலுத்துக்கொண்டாய். ஏழு நாளைக்கு ரொட்டியையும் வெண்ணெயையும் தின்று என்னால் முடியாதப்பா என்று நானும் எடுத்தெறிந்து பேசினேன். மறுநாள் காலையில் மேல்தளத்துக்குப் போய், நல்ல இடமாகப் பார்த்து மூன்று நாற்காலியில் மூன்று கர்ச்சீப் போட்டு வைத்துவிட்டு உங்களைக் கூப்பிட வந்தேன். குர்லாவில் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு எத்தனை பஸ்ஸில் இடம் பிடித்தவள் நான். திரும்பிப் போனால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அதில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கர்ச்சீப்பை அழகாக மடித்து என் கையில் கொடுத்து, "இது கீழே கிடந்தது" என்கிறார். அவருக்கு நான் என்ன சொல்லிப் புரியவைப்பேன்.

ஆனால் அந்தக் கடல் இருக்கிறதே, அது வேறு மாதிரி. நம் பக்கத்துக் கடல் இரைந்துகொண்டே இருக்கும். அது ஒரு சத்தமும் இல்லாமல், இரண்டு பக்கமும் மலையை வைத்துக்கொண்டு, கறுப்பாகக் கிடந்தது. சிவப்பு மிதவை ஒன்றின் மேல் பத்துப் பன்னிரண்டு கடற்சிங்கங்கள் ஏறிக்கொண்டு, இன்னொன்று ஏற வந்தால் அத்தனையும் சேர்ந்து உறுமி அதைத் தள்ளிவிட்டதைப் பார்த்தபோது, சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்யாண் போகிற மின்சார ரயிலில் ஏறிய மாதிரியே இருந்தது எனக்கு. நீர்நாய் ஒன்று மல்லாக்கப் படுத்து மிதந்தபடி, வயிற்றின் மேல் கல்லை வைத்துச் சிப்பியை உடைத்து உடைத்துத் தின்றது. மரத்து உச்சியில் வெள்ளைத் தலைக் கழுகு. கரையில் தன் பாட்டுக்குக் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்த கரடி. முப்பது வருஷம் குர்லா ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓட்டைக்குள் நீளுகிற கைகளை மட்டுமே பார்த்துப் பழகிய கண் இது. அவ்வளவு தூரம் பார்ப்பதற்கு முதல் இரண்டு நாள் கண்ணே வலித்தது.

மூன்றாம் நாள் திமிங்கலம் வந்தது. கூட்டம் முழுக்க ஒரே பக்கமாக ஓடியது, நான் முழங்கையை விரித்து முன்னால் போய் நின்றுவிட்டேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது. முதலில் குக்கரில் ஆவி அடங்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு முதுகு. பிறகு வால் மட்டும் மேலே நின்று, அவசரமே இல்லாமல் உள்ளே போனது. நீ பின்னால் நின்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். திமிங்கலத்தைப் பார்க்கவில்லை, என் நாடியைப் பார்த்தாய். "ரொம்ப எக்சைட் ஆகாதம்மா" என்றாய். நானும் வழக்கம்போல "ஆமாய்யா, லேசா படபடன்னுதான் இருக்கு" என்று சொல்லிவைத்தேன். பழக்கதோஷம்.

நீ எனக்கு வெந்நீர் எடுக்கப் போனபோதுதான் மீனா பேசினாள். கடலைப் பற்றிப் படித்த பெண், தூத்துக்குடிக்காரி. கல்யாணம் ஆகி ஐந்து வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "அத்தை, வாலுக்கு அடியில வெள்ளையா தெரிஞ்சுதுல்லா, அது ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மாதிரி இருக்கும். அத வச்சுத்தான் இது இன்ன ஆளுன்னு கண்டுபிடிப்போம்" என்றாள்.

"ஒன் வேலையே இதுதானாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லத்தை. நான் லேப்ல கம்ப்யூட்டர் முன்னாலல்லா உக்காந்துருக்கேன். வடக்க கடற்கரையில ஒரு சின்ன ஊரு, அங்கன ஒரு திமிங்கல ஆராய்ச்சி ஸ்டேஷன்ல வேலை கெடச்சுது. ரெண்டு வருஷம். தெனமும் படகுல போவணும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள். "ஊருக்குப் போனதும் வேண்டாம்னு எழுதிப் போடணும்."

"ஏன் வேண்டாம்?"

"அங்கன பெரிய ஆஸ்பத்திரி கெடையாது அத்தை. ஏதாவதுன்னா ஹெலிகாப்டர்லதான் கொண்டு போவணும். உங்கள எங்ககூடக் கூட்டி வச்சுக்கணும்னு அவரு ஆசப்படுதாரு. உங்களுக்கு நெஞ்சு இப்படி இருக்கும்போது அங்கன எப்படி?"

அவள் குரலில் கொஞ்சமாவது கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை. சால்வையை என் தோளில் இழுத்துவிட்டாள். எனக்குத் தெரிந்த காட்சி அது, கார்த்தி. ஒரு தடவை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். உன் பதினேழு வயசில் தூரத்து ஊர் காலேஜில் இடம் கிடைத்தது. ஹாஸ்டல். உங்கப்பா சிவப்பு சூட்கேஸ் வாங்கி வந்தார். என்கூட கவுண்டரில் வேலை பார்த்த ஒருவரே வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, சமையலறையில் எனக்கு நெஞ்சைப் பிடித்தது. முதலில் வந்தது நிஜமான வலிதான், அதை நம்பு. தெருமுனை டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, வெறும் வாயுத் தொல்லைம்மா, சுக்குக் கஷாயம் குடி, நாளைக்குச் சரியாகிவிடும் என்றார். சரியாகவும் ஆகிவிட்டது. ஆனால் நான் வீட்டுக்கு வந்து, கதவுப் பக்கம் வெளுத்த முகத்தோடு நீ நிற்பதைப் பார்த்து, "டாக்டரு ஹார்ட்டுன்னு சந்தேகப்படுதாருய்யா" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. இல்லை, யோசித்துத்தான் சொன்னேன். மாடிப்படி ஏறும்போதே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சூட்கேஸிலிருந்து துணியை எடுத்து நீயே பீரோவில் அடுக்கினாய். "பரவால்லம்மா, இங்கயே படிச்சுக்கிறேன்" என்றாய். உங்கப்பாவுக்கு உண்மை தெரியும், டாக்டரிடம் கூட வந்தவர் அவர்தானே. "ஏட்டி, இது நல்லால்ல. பையனக் கட்டிப் போடாத" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் அழுதேன், அவர் அதற்கு மேல் பேசவில்லை. அவரைக் குற்றம் சொல்லாதே. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, அந்தப் பொய்யில் அவருக்குப் பங்கு கிடையாது. நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ அடுத்த அறையில் விழித்திருந்தாய் என்று பிற்பாடு தெரிந்தது.

கப்பலில் மீனாவோடு பேசிய பிறகு இரண்டு நாள் உண்மையைச் சொல்ல முயன்று முயன்று தள்ளிப்போட்டேன். சாப்பாட்டு மேஜையில் சொல்லலாம் என்றால் பக்கத்தில் அந்தக் கர்ச்சீப் கிழவர் வந்து உட்கார்ந்துகொண்டார். அதற்குள் பனியாற்றுக்குப் போகும் நாள் வந்துவிட்டது. பெரிய கப்பல் கிட்டே போகாது, சின்னப் படகுக்கு மாற வேண்டும், அதற்கு முன்னால் படிவம் நிரப்ப வேண்டும். நீதான் நிரப்பினாய். இதய நோய் உண்டா என்ற இடத்தில் உண்டு என்று குறித்து, போதாததற்கு உன் போனில் என் பிபி கணக்கை வரைபடமாகப் போட்டு வைத்திருந்தாயே, அதையும் படிவம் வாங்க நின்ற கப்பல்காரப் பெண்ணிடம் காட்டினாய். எட்டு வருஷத்து ரீடிங். கோடு ஏறியும் இறங்கியும் மலை மாதிரி போகிறது. அவள் பாவம், மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு, இவரைப் படகில் ஏற்ற முடியாது என்றாள். "சரி, நீ போய்ட்டு வா, நான் அம்மாகூட இருக்கேன்" என்று நீ மீனாவிடம் சொன்னாய். மீனா உடனே, "நானும் போவல. அத்தைய விட்டுட்டு எதுக்கு" என்று ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அவள் அந்தக் கொக்கியைக் கழற்றியதுதான். சூட்கேஸிலிருந்து நீ துணியை எடுத்து வைத்தது என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அதே பொறுமை, அதே "பரவாயில்லை". வரிசையை நிறுத்தி வைத்துக்கொண்டு பேசுகிறவர்களை முப்பது வருஷம் கவுண்டருக்குள்ளிருந்து திட்டியவள், அன்றைக்கு நானே இருபது பேரை நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

"ஏய்யா, எனக்கு நெஞ்சுல ஒண்ணும் கெடையாது. எப்பவுமே கெடையாது. நீ காலேஜுக்குப் போவக் கூடாதுன்னு அன்னைக்குச் சொன்ன பொய்யி. இன்னைக்கு வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டேன்."

"அப்போ இந்த ரீடிங் எல்லாம்?"

"நானா சொன்னதுய்யா."

"மாத்திரை?"

"சத்து மாத்திரை."

நீ என்னைத் திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ அந்தப் பெண்ணிடம் திரும்பி, நர்ஸைக் கூப்பிட முடியுமா என்று கேட்டாய். நர்ஸ் வந்து, எல்லோரும் பார்க்க என் கையில் பட்டையைச் சுற்றினாள். நூற்று இருபத்து நாலுக்கு எண்பது. ஈசிஜியும் பார்த்தாள், நாலு மாடி லிஃப்ட் இல்லாமல் ஏறுகிறவளுடைய நெஞ்சு அது, ஒரு குறையும் சொல்லவில்லை. நீ அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாய். பிறகு படிவத்தில் முதலில் எழுதியதை அடித்துவிட்டு, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். நாம் மூன்று பேரும் படகில் ஏறினோம். நீ என் பக்கத்தில் உட்காரவில்லை.

பனியாறு எப்படி இருந்தது என்று இங்கே கட்டடத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அது நீலம், கார்த்தி. உள்ளே யாரோ விளக்கு வைத்த மாதிரி நீலம். படகு எஞ்சினை நிறுத்தினார்கள். தண்ணீரில் மிதந்த பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசிச் சடசடத்தன, அதைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஒரு பனிக்கட்டியின் மேல் சீல் என்கிற கடல் மிருகம் ஒன்று குட்டியோடு படுத்துக்கொண்டு நம்மைப் பார்த்தது. மீனா அதை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், யாரும் எழுதச் சொல்லவில்லை. அப்போது தூரத்தில் பனியாற்றின் சுவரிலிருந்து ஒரு பெரிய பாளம் பெயர்ந்து விழுந்தது. விழுந்து முடிந்த பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. அதற்கும் பிறகு அலை வந்தது. படகு ஆடியதும் நீ என் பக்கம் தாவி வந்து, வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்தாய். பிடித்துவிட்டு, நாடி பார்க்க அவசியமில்லை என்று ஞாபகம் வந்து விரலை எடுத்தாய். ஆனால் கையை விடவில்லை. அப்போதுதான் "ஏம்மா?" என்று கேட்டாய்.

பதில் இதுதான். பதினேழு வயசில் உன்னை நிறுத்தியது பயத்தினால். நான் தாராவியில் ஒரே அறையில் ஒன்பது பேரோடு வளர்ந்தவள், ஆள் குறைந்த வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியாது. அது தப்புதான், ஆனால் அந்தத் தப்பைப் புரிந்துகொள்ள முடியும். பிறகு நடந்தது அதைவிட மோசம். அப்பா என்னைப் பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில் நீ கனடா போய் பிபி மிஷின் அனுப்பினாய். முதல் நாள் நிஜமான ரீடிங்கைச் சொன்னேன். "சூப்பர்மா, நார்மல்" என்று சொல்லி நாலு நிமிஷத்தில் போனை வைத்துவிட்டாய். மறுநாள் சும்மா நூற்று நாற்பத்தெட்டு என்றேன். நீ நாற்பது நிமிஷம் பேசினாய். என்ன சாப்பிட்டேன், யார் வந்தார்கள், தூங்கினேனா, எல்லாம் கேட்டாய். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் சொன்னாய். அதற்குப் பிறகு எனக்கு அந்த மிஷினே தேவைப்படவில்லை. மனசுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அதற்குத் தகுந்த நம்பரைச் சொன்னேன். உங்கப்பா தவறிப்போன வருஷத்தில் கோடு எவ்வளவு உயரமாகப் போகிறது என்று பார், தெரியும். தனியாக இருக்கிறேன், கொஞ்ச நேரம் பேசுய்யா என்று சொல்வதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு ஒருத்தி இப்படியெல்லாம் செய்வாளா என்று உனக்குத் தோன்றும். செய்தாள்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது. இருந்தாலும் பெற்றவள், சொல்லாமல் விடமாட்டேன். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அது பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். அன்றைக்கு உனக்கு நெஞ்சு வலிக்கும், நிஜமாகவே வலிக்கும். நீ போவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் நேராகச் சொல், அழுகை வந்தால் அழு, பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை போ. மீனாவிடமும் அப்படியே இரு. அவள் "பரவாயில்லை" என்று சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதே, இரண்டாம் தடவை கேள். நீ வளர்ந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. உன்னிடமும் நான் கேட்கவில்லை.

திரும்பி வந்த பிறகு பத்து நாள் நீ கூப்பிடவில்லை. கோபமாக இருக்க உனக்கு உரிமை உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் நீ வழக்கமாகக் கூப்பிடுகிற ராத்திரி எட்டரை ஆனால் கை தானாகப் போனைத் தேடும். பிறகு மீனாவிடமிருந்து மெசேஜ் வந்தது, வேலையை ஒப்புக்கொண்டு எழுதிவிட்டாளாம், வடக்கே வீடு பார்க்கிறீர்களாம். அதைப் படித்ததும் நான் மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் இரண்டு முழம் பூ வாங்கி வைத்துக்கொண்டேன். அத்தனை வருஷம் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி நடையே மாறிவிட்டது என்று கீழ்வீட்டு மராத்திப் பெண்கூடச் சொன்னாள். நீயும் கூப்பிட ஆரம்பித்தாய், இரண்டு நாளுக்கு ஒரு தடவை, அளவாக.

போன வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. நூற்று ஒன்று. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். சொன்னால், இந்தக் கிழவி மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள், வீடு மாறுவதைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துவிடுவாயோ என்று பயம். சொல்லாவிட்டால் அதுவும் ஒரு பொய். கடைசியில் மறுநாள் விடிந்தும் விடியாமலும் நானே கூப்பிட்டேன்.

"ஏய்யா, எனக்குக் காய்ச்சல் அடிக்கி. நெசமாத்தான்."

"எப்போலேருந்தும்மா?"

"நேத்துலேருந்து."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். ரத்தம் எடுத்துப் பாத்துட்டாரு. சாதாரண வைரலாம், நாலு நாள்ல போயிருமாம்."

"சரிம்மா. கஞ்சி குடிச்சுட்டுப் படு. நாங்க வீடு பாக்கக் கெளம்பிட்டோம், மீனா கார்ல உக்காந்துட்டா. நாளைக்குக் கூப்பிடுறேன்."

வைத்துவிட்டாய். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நெசமா என்று நீ திருப்பிக் கேட்கவில்லை. பதறவும் இல்லை. உன் குரலில் சாதாரணமாக ஒரு மகனுக்கு அம்மாவுடைய காய்ச்சலின் மேல் இருக்கிற அக்கறை இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இருபது வருஷமாக அந்தச் சாதாரணக் குரலைக் கேட்க எனக்கு வழி இல்லாமல் நானே செய்து வைத்திருந்தேன். அழுதேன் கார்த்தி, நிம்மதியில்தான் அழுதேன். பிறகு எழுந்து கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு, நீ சொன்னபடி படுத்துவிட்டேன்.

உன்
அம்மா